ஓடும்போது மட்டும்

உட்கார்ந்திருக்கையில் நூற்றுப் பதினெட்டு.
ஓடுகையில் இருநூற்று இருபத்தாறு.
இரண்டும் என் ரத்தம்தான்.

சிரம்பானில், நெஞ்சில் பத்து ஒயர் ஒட்டி
டிரெட்மில்லில் ஏற்றினார்கள்.
மூன்றாம் கட்டத்தில் தரை சாய்ந்து மேடாயிற்று.
தாதி என்னைப் பார்க்காமல் திரையைப் பார்த்தே கேட்டாள்:
"தலை சுத்துதா அக்கா?"
இல்லை. எதிர்ச்சுவரில் ஒரு கடற்கரைப் படம்.
அதை நோக்கித்தான் ஓடிக்கொண்டிருந்தேன்,
அதற்குள் நிறுத்திவிட்டார்கள்.

டாக்டர் ஹனிசா பேனாவை மூடினார்.
இது இன்னும் நோயில்லை என்றார்.
அந்த 'இன்னும்' என்ற சொல்லை
மாத்திரை மாதிரி தண்ணீரில்லாமல் விழுங்கி
பாஹாவ் பஸ்ஸில் திரும்பினேன்.

காப்புறுதிப் பாரத்தோடு
எடைமேடை அறைக்கே வந்துவிட்டான் தவநேசன்.
எங்களுக்குப் பாரம் இரண்டு வகை.
லாரியில் வருவது, பேனாவால் நிரப்புவது.
பதினேழாம் கேள்வியில் குரலைத் தாழ்த்தினான்:
"உட்கார்ந்து எடுத்ததை மட்டும் எழுதுங்கக்கா.
ஓடும்போது ஏறாத ரத்தம் யாருக்கு இருக்கு?"

சன்னலுக்கு வெளியே ரோஸ்லானின் லாரி
செம்பனைக் குலைகளோடு மேடையேறியது.
பத்தொன்பது டன் அறுநூற்று நாற்பது.
கொட்டிவிட்டுத் திரும்புகையில் எட்டு டன் சொச்சம்.
பதினான்கு வருஷமாய்
ஒரே லாரிக்கு இரண்டு எடை எழுதுகிறேன்.
ஒன்றை மறைத்தால் திருட்டு,
வேலை போய்விடும்.

எழுதினேன்: இருநூற்று இருபத்தாறு.
பக்கத்தில், கொஞ்சம் கோணலாக,
ஓடும்போது மட்டும்.
தவநேசன் சுவர்க் காலண்டரைப் பார்த்தான்.
அவனுக்கும் மாதக் கணக்கு இருக்கும்.

பதில் வர மூன்று வாரம்.
இடையில் ஆலைக் கொதிகலனைச் சோதிக்க
அரசாங்க ஆள் வந்தார்.
நீராவி ஏறி, முள் ஏறி,
வால்வு ஒருமுறை அலறி அடங்கியது.
தலையாட்டி, முத்திரை குத்தி,
கேன்டீனில் மீ கோரேங் சாப்பிட்டுப் போனார்.
அலறியதற்காக அதை யாரும்
தனியாகக் கூப்பிட்டுப் பேசவில்லை.

பிறகு கடிதம்.
இருநூற்றுப் பதினெட்டு வெள்ளி என்றிருந்தது
முந்நூற்றைந்து வெள்ளி இருபது காசாகியிருந்தது.
கீழே, எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில்,
இதயம், ரத்தக் குழாய், பக்கவாதம் நீங்கலாக.
முழங்கால் உடைந்தால் வரலாம்.
பித்தப்பையில் கல்லென்றாலும் வரலாம்.
நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மட்டும்
வந்துவிடக் கூடாது.

தர்ஷிணி போனில் கணக்குப் போட்டாள்.
"எண்பத்தேழு வெள்ளி இருபது காசு.
மாசா மாசம் ஓட்டத்துக்கு அபராதம்மா."
ஓடாமல் இருந்திருந்தால்?
"தெரியாமலே இருந்திருக்கும்."
தெரியாமலே இருந்திருந்தால்?
மேகி ஆறுகிறது என்றாள்.
எனக்கும் அதற்குமேல் கேட்கத் தோன்றவில்லை.

சாயங்காலம் ஆறாங்கட்டைச் சடக்கு.
நாய்கள் என்னைப் பார்த்துக் குரைப்பதை விட்டு
வருஷங்களாயிற்று.
மெதுவாகத்தான் போனேன், டாக்டர் சொன்ன வேகம்:
பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது.
தண்ணீர்த் தொட்டி ஏற்றத்தில்
கால்கள் அதை மறந்துவிட்டன.
காதுக்குள் ஆலை ஓடுவது போல் ஒரு சத்தம்.
அப்போது பார்த்துப் போன்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள கையெழுத்து வேணும்க்கா.
இல்லன்னா மறுபடி முதல்லேர்ந்து."
பதில் சொல்ல வாய் திறந்தேன்,
காற்றுதான் வந்தது.
"என்னக்கா, மூச்சு வாங்குது?"

குலை இறக்கிய லாரி
வெறுமையாய்க் குலுங்கிக்கொண்டு கடந்தது.
ரோஸ்லான் ஹார்ன் அடித்துக் கையசைத்தான்.
ஒரு கையால் முழங்காலைப் பிடித்துக்கொண்டு,
குனிந்தபடி,

"ஒன்னுமில்ல தம்பி,
உட்கார்ந்துதான் இருக்கேன். சொல்லு."